ஃப்ரீமான்ட் வீட்டை மகன் பெயருக்கு மாற்ற குவிட்கிளெய்ம் எழுதலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டில் 1996-இல் 2,80,000 டாலருக்கு வீடு வாங்கினோம். இன்று எங்கள் தெருவில் 15 லட்சம் டாலருக்குப் போகிறது. பத்திரத்தில் இருவர் பெயரும் 'ஜாயின்ட் டெனன்ட்ஸ்' (கூட்டு உரிமையாளர்கள்) என்று இருக்கிறது. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. கூரை மாற்ற வீட்டின் பேரில் எடுத்த ஹெலாக் கடனில் மட்டும் 38,000 டாலர் பாக்கி. எனக்கு 68 வயது, அவருக்கு 73. அடுத்த வருடம் திருச்சிக்கே போய்விட முடிவு செய்து, இப்போது கராஜில் இருக்கும் பழைய பேப்பர்களை எல்லாம் ஷ்ரெடரில் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரே மகன் சியாட்டிலில் இருக்கிறான், போன வருடம்தான் கல்யாணம் ஆனது. வீட்டை அவன் பெயருக்கு மாற்றிவிட்டுக் கிளம்பலாம் என்கிறார் கணவர். குவிட்கிளெய்ம் டீட் ஃபாரம் இலவசமாகவே கிடைக்கிறது, இருவரும் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று கோயிலில் பழக்கமான ஒருவர் சொன்னார். ஊரில் பத்திர எழுத்தராக இருந்த என் தம்பி, "அது நம்ம விடுதலைப் பத்திரம் மாதிரிதான் அக்கா" என்கிறான். கணவர் 2005-இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார். எனக்கு 1999-இல் வந்த கிரீன் கார்டுதான் இன்னும். லால்குடியில் அப்பா எனக்கு விட்டுப்போன ஒரு ஏக்கர் நஞ்சை இருக்கிறது, குடியுரிமை மாறினால் அது போய்விடுமோ என்று வருடாவருடம் தள்ளிப் போட்டுவிட்டேன். நாங்கள் இந்த டீட் எழுதலாமா? மருமகளுக்கு வீட்டில் பங்கு வந்துவிடுமா? ஊருக்குப் போனபிறகு எழுதினாலும் பரவாயில்லையா?

பதில்: அம்மா, எழுதாதீர்கள். மகன் பெயருக்கு, இப்போதைக்கு, எழுதவே எழுதாதீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது குவிட்கிளெய்ம் இல்லை. போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, கிரீன் கார்டு என்று, அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதைப் பார்த்துவிடலாம்.

குவிட்கிளெய்ம் டீடின் சாரம் ஒரே வரிதான்: 'இந்தச் சொத்தில் எனக்கு ஏதாவது உரிமை இருந்தால், அதை இவருக்கு விட்டுக்கொடுக்கிறேன்.' உரிமை இருக்கிறது என்று அதில் யாரும் சொல்வதில்லை. வில்லங்கம் இல்லை, வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்ற உறுதிமொழியும் கிடையாது. திருச்சி மலைக்கோட்டைக்கு நான் உங்கள் பெயரில் ஒரு குவிட்கிளெய்ம் எழுதித் தரலாம். அதில் பொய் ஒன்றும் இருக்காது, உங்களுக்கு மலைக்கோட்டையும் கிடைக்காது.

உங்கள் தம்பி சொன்னதில் பாதி சரி. உரிமையை விட்டுக்கொடுப்பது என்ற அளவில் இரண்டும் உறவுதான். ஆனால் ஊரில் விடுதலைப் பத்திரம் என்பது ஒரு பங்குதாரர் இன்னொரு பங்குதாரருக்கு எழுதுவது, அண்ணன் தம்பிக்கும், தங்கை அண்ணனுக்கும் எழுதுவதுபோல. உங்கள் வீட்டில் மகனுக்குப் பங்கு இல்லை. இதே காரியத்தைத் திருச்சியில் செய்வதாக இருந்தால் உங்கள் தம்பியே விடுதலைப் பத்திரம் எழுதமாட்டார், தான செட்டில்மென்ட்தான் எழுதுவார். இங்கே அந்தப் பாகுபாடு கிடையாது. யார் யாருக்கு வேண்டுமானாலும் குவிட்கிளெய்ம் எழுதலாம். அதனால்தான் எதற்கெடுத்தாலும் அதையே எழுதிவிடுகிறார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் மூலப் பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்று எங்கே என்று கேட்பார்கள். இங்கே கவுன்டி ரெக்கார்டர் அதையெல்லாம் கேட்பதில்லை. கையெழுத்து, நோட்டரி முத்திரை, கட்டணம், கூடவே வைக்கவேண்டிய படிவம் இவை சரியாக இருந்தால் பதிந்து எண் போட்டுவிடுவார்கள். பதிவாகிவிட்டதால் செல்லும் என்று நினைக்கக்கூடாது.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் அப்பா, அம்மா இருவரும் மகளுக்கு இப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். ஃபாரம் டவுன்லோடு, நோட்டரி, பதிவு எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தது. வரி ரசீதும் மகள் பெயரில் வர ஆரம்பித்தது. நாலு வருடம் கழித்து மகள் விற்கப் போனபோது, சொத்துரிமையைச் சரிபார்த்துக் காப்பீடு தரும் டைட்டில் கம்பெனி கையை விரித்துவிட்டது. காரணம், அந்தத் தம்பதி பல வருடம் முன்பே வீட்டை ஒரு லிவிங் டிரஸ்டில் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை டிரஸ்டிகள் பொறுப்பில் வைக்கும் ஏற்பாடு) போட்டிருந்தார்கள். போட்டதையே மறந்துவிட்டார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் டிரஸ்டின் டிரஸ்டிகள். குவிட்கிளெய்மில் கையெழுத்துப் போட்டதோ வெறும் கணவனும் மனைவியும். அந்தப் பத்திரத்தால் மகளுக்கு ஒரு செங்கல்கூடப் போகவில்லை. நல்லவேளையாக அப்பா அப்போது உயிரோடு இருந்தார், டிரஸ்டி என்ற முறையில் புதுப் பத்திரம் எழுதிச் சரிசெய்தோம். நீங்களும் அப்படி எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 1996 பத்திரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், அதற்குப் பிறகு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

குடும்பத்துக்குள் கைமாற்றும்போதுகூட நான் கூடியமட்டும் கிராண்ட் டீட்தான் எழுதுவேன். கலிஃபோர்னியாவில் கிராண்ட் டீட் என்றால், இதை வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை, நான் வைத்த மறைவான வில்லங்கம் இல்லை என்ற இரண்டு உறுதிமொழிகள் சட்டப்படி தானாகவே சேர்ந்துவிடும். நீங்கள் வாங்கியபோது எடுத்த டைட்டில் இன்ஷூரன்ஸுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. வீட்டைக் கொடுத்தபிறகும் உங்கள் உறுதிமொழிக்காக உங்கள்மேல் யாராவது வரக்கூடும் என்றால்தான் அந்தப் பாலிசி பொதுவாக உங்களுக்குத் தொடரும். குவிட்கிளெய்மில் உறுதிமொழியே இல்லாததால் பாலிசியும் அதோடு போய்விடலாம். மகனுக்கும் அது போய்ச் சேராது. ஒரே கையெழுத்தில் இருவருமே பாதுகாப்பு இல்லாமல் நிற்பீர்கள்.

சரி, இதெல்லாம் எந்தப் பத்திரம் என்ற கேள்வி. எந்தப் பத்திரத்தில் கொடுத்தாலும் மகனுக்கு இப்போதே கொடுப்பது ஏன் கூடாது என்பதுதான் பெரிய விஷயம்.

பிராபர்ட்டி டேக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-இல் வந்த ப்ரொபொசிஷன் 13-இன் புண்ணியத்தால் உங்கள் வீட்டின் வரி மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. 2,80,000-இல் தொடங்கியது இன்று 5 லட்சம் டாலரைச் சுற்றி இருக்கும். வரி ஆறாயிரம் டாலர் அளவில் கட்டிக்கொண்டிருப்பீர்கள். முன்பெல்லாம் பெற்றோர் குடியிருந்த வீடு பிள்ளைக்குப் போனால் இந்தக் குறைந்த மதிப்பும் அப்படியே கூடப் போகும். ப்ரொபொசிஷன் 19 அதை மாற்றிவிட்டது. 2021 பிப்ரவரி 16 முதல், பிள்ளை ஒரு வருடத்துக்குள் அந்த வீட்டுக்கே குடிவந்து, அதுவே தன் நிரந்தர வீடு என்று எழுதிக் கொடுத்தால்தான் சலுகை. அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. சியாட்டிலில் வேலை பார்க்கும் உங்கள் பையன் ஃப்ரீமான்ட்டுக்குக் குடிவரப் போவதில்லை. அப்படியென்றால் முழு 15 லட்சத்துக்கு மறுமதிப்பீடு, வரி வருடத்துக்குப் பதினேழாயிரம் டாலர் பக்கம். எழுதிக் கொடுத்த நாளிலிருந்தே.

அடுத்தது வருமான வரி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் பெரிய பணம் இருக்கிறது. வாங்கிய விலை 2,80,000. கூரை, சமையலறை, பின்புற அறை என்று இத்தனை வருடத்தில் ஒரு 90,000 போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆக உங்கள் அடக்கவிலை 3,70,000. உயிரோடு இருக்கும்போது தானமாகக் கொடுத்தால் அந்த அடக்கவிலையே மகனுக்கும் ஒட்டிக்கொள்ளும். அவர் நாளைக்கு 15 லட்சத்துக்கு விற்றால் லாபம் 11,30,000 டாலர். ஃபெடரல் வரி, அதன்மேல் முதலீட்டு வருமானத்துக்கான 3.8 சதவீத வரி, சியாட்டிலில் இருந்தாலும் கலிஃபோர்னியா வரி எல்லாம் சேர்த்தால் மூன்று லட்சம் டாலரைத் தாண்டிவிடும். அதே வீடு உங்கள் காலத்துக்குப் பிறகு மகனுக்கு வந்தால் அடக்கவிலை அன்றைய சந்தை மதிப்புக்கு ஏறிவிடும். உடனே விற்றால் லாபமே இல்லை. மகனுக்கு நல்லது செய்வதாக நினைத்து, இருபது நிமிடத்தில் ஒரு கையெழுத்துப் போட்டு, அவர் தலையில் மூன்று லட்சம் டாலரை ஏற்றிவிடுவீர்கள்.

தான வரியைப் பற்றிப் பலரும் பயப்படுவார்கள். அதில் பயம் வேண்டாம். ஆளுக்கு வருடத்தில் 19,000 டாலருக்கு மேல் கொடுத்தால் ஃபாரம் 709 தாக்கல் செய்யவேண்டும், நீங்கள் இருவருமே தனித்தனியாக. வாழ்நாள் விலக்கு 2026-இல் ஆளுக்கு ஒன்றரைக் கோடி டாலர் என்பதால் கையிலிருந்து எதுவும் கட்டவேண்டியிருக்காது. இது அமெரிக்காவே தன் நிரந்தர இருப்பிடம் என்று இருக்கும்வரை கிரீன் கார்டுக்காரருக்கும் பொருந்தும். 'இருக்கும்வரை' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெலாக் கடன். வீட்டை எழுதிக் கொடுத்தால் வீடுதான் போகும், கடன் உங்கள் பெயரிலேயே நிற்கும். வீடு கைமாறினால் முழுக் கடனையும் உடனே கேட்கும் உரிமை வங்கிக்கு இருக்கிறது. 1982-ஆம் வருடத்து கார்ன் செயின்ட் ஜெர்மைன் சட்டம் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு விலக்குத் தருகிறது என்று உங்களிடம் யாராவது சொல்லலாம். உண்மைதான், ஆனால் வாங்குகிறவர் அங்கே குடியிருக்கவேண்டும் என்று அதன் விதிமுறை சொல்கிறது. 38,000 டாலர்தானே, எப்படியும் கிளம்புவதற்கு முன் அடைத்துவிடுங்கள்.

மருமகள் விஷயம். கலிஃபோர்னியாவிலும் சரி, அவர்கள் வாழும் வாஷிங்டனிலும் சரி, ஒருவருக்கு மட்டும் தானமாக வந்தது அவருடைய தனிச் சொத்து. கல்யாணம் ஆனதாலேயே மருமகளுக்குப் பங்கு வந்துவிடாது. ஆனால் அந்த வீட்டுக்கு வரி, பழுது, கடன் தவணை என்று இருவர் சம்பளத்திலிருந்தும் கட்டிக்கொண்டே போனால் கணக்கு குழம்பும், பின்னால் உரிமை கேட்க இடம் வரும். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோர் எல்லோருமே மருமகளைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். நான் பார்த்த வழக்குகளில் வீட்டைக் காலி செய்தது மருமகள்கள் இல்லை. மகனின் தொழில் கடன், மகன் ஓட்டிய கார் மோதிய விபத்து, இவைதான் அதிகம். எழுதிக் கொடுத்த நாளிலிருந்து மகனுக்குக் கடன் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் உங்கள் வீடு தெரியும்.

திரும்ப வாங்கவும் முடியாது. ஊரில் 2007-இன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கவனித்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை வாங்கிய பிள்ளை கவனிக்காவிட்டால் அதன் 23-ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். செய்தித்தாளில் அடிக்கடி படித்திருப்பீர்கள். கலிஃபோர்னியாவில் அப்படி ஒரு வசதி கிடையாது. ஏமாற்றினார், மிரட்டினார் என்று நிரூபித்தால்தான் உண்டு. உங்கள் பையன் அப்படிப்பட்டவர் இல்லை என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் இரண்டு வருடத்தில் திருச்சி ஒத்துவரவில்லை, முழங்கால் அறுவைசிகிச்சைக்கு மெடிகேர் (அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு) தான் வேண்டும் என்று திரும்பி வருகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். வந்து இறங்கும்போது அது உங்கள் வீடாக இருக்கட்டும்.

இப்போது கிரீன் கார்டு.

திரும்பி வருவதில்லை என்ற எண்ணத்தோடு நீங்கள் விமானம் ஏறும் நாளில், எஸ்டேட் டேக்ஸ் (இறந்தவர் விட்டுப்போகும் சொத்துக்கான வரி) சட்டத்தின் கண்ணில் நீங்கள் அமெரிக்காவை இருப்பிடமாகக் கொள்ளாத வெளிநாட்டவர் ஆகிறீர்கள். அப்படிப்பட்டவர் இறந்தால், அமெரிக்காவில் உள்ள சொத்துக்கு விலக்கு ஒன்றரைக் கோடி டாலர் இல்லை. அறுபதாயிரம் டாலர். அதற்கு மேல் 40 சதவீதம் வரை எஸ்டேட் டேக்ஸ். இந்த வரிக்கு இந்தியாவோடு அமெரிக்காவுக்கு ஒப்பந்தமும் கிடையாது.

உங்கள் வீட்டை வைத்தே கணக்குப் போடுவோம். நீங்கள் முன்னால் போனால், உங்கள் பாதி அமெரிக்கக் குடிமகனான கணவருக்குப் போகிறது, வரி இல்லை. அவர் முன்னால் போனால், அவர் பாதி உங்களுக்கு வரும்போதும் அவருடைய பெரிய விலக்கு காப்பாற்றிவிடும். ஆனால் அதன்பிறகு முழு வீடும் உங்கள் பெயரில், நீங்கள் திருச்சியில். உங்கள் காலத்துக்குப் பிறகு 15 லட்சம் டாலர் வீட்டுக்கு மகன் கட்டவேண்டியது சுமார் 5,32,000 டாலர். அச்சுப்பிழை இல்லை, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

ஊருக்குப் போனபிறகு எழுதினால் பரவாயில்லையா என்று கேட்டீர்களே, அதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. இருப்பிடம் மாறியபிறகு உங்கள் பாதியை மகனுக்குத் தானமாகக் கொடுத்தால் வருடாந்தர 19,000 டாலர் மட்டும்தான் கழியும். வாழ்நாள் விலக்கு உங்களுக்குக் கிடையாது. தான வரி உண்மையிலேயே கட்டவேண்டிவரும். கேட்டதில் மிக மோசமான வழி அதுதான். இதற்கு மேல், எட்டு வருடத்துக்கும் அதிகமாகக் கிரீன் கார்டு வைத்திருந்தவர் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது ஃபாரம் 8854 என்று ஒன்று உண்டு. உங்கள் பங்குக்கு உள்ள மொத்தச் சொத்தின் நிகர மதிப்பு 20 லட்சம் டாலரைத் தொட்டால் அதில் தனியாக ஒரு வரி இருக்கிறது.

ஆகவே கிளம்புவதைத் தள்ளிப் போட்டாவது குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள். குடியுரிமை வந்துவிட்டால், கணவருக்கு உள்ள அந்தப் பெரிய விலக்கு உங்களுக்கும் இருக்கும். 65 வயது தாண்டி, 20 வருடம் கிரீன் கார்டில் இருந்தவருக்குத் தேர்வு மிக எளிது. ஆங்கிலத் தேர்வு கிடையாது. அமெரிக்க வரலாறு, அரசு பற்றி 20 கேள்விகளை மட்டும் படித்தால் போதும், அதில் பத்து கேட்பார்கள், ஆறு சொன்னால் தேறிவிடுவீர்கள். தமிழிலேயே சொல்லலாம், மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிப் போகலாம். லால்குடி நிலம் எங்கும் போகாது. ஓசிஐ கார்டுக்காரர் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) புதிதாக விவசாய நிலம் வாங்கத்தான் முடியாது. அப்பா வழியில் ஏற்கெனவே உங்களுக்கு வந்ததை வைத்துக்கொள்ளலாம். விற்பதென்றால் இந்தியாவில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கவேண்டும், அவ்வளவுதான். இருபது வருடமாக அந்த ஒரு ஏக்கருக்காகத் தள்ளிப் போட்டிருக்கிறீர்கள், யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு என்ன செய்வது? உங்களுக்கு ஒரு பத்திரம் வேண்டும்தான், ஆனால் மகனுக்கு இல்லை. நீங்கள் இருவரும் உங்கள் இருவருக்கே எழுதிக்கொள்ளும் பத்திரம். கேட்டால் சிரிப்பு வரும். இப்போது பத்திரத்தில் இருக்கும் 'ஜாயின்ட் டெனன்ட்ஸ்' என்ற சொல்லை 'கம்யூனிட்டி பிராபர்ட்டி வித் ரைட் ஆஃப் சர்வைவர்ஷிப்' (தம்பதியின் பொதுச் சொத்து, ஒருவருக்குப் பின் மற்றவருக்கு) என்று மாற்றவேண்டும். 2001 ஜூலையிலிருந்து கலிஃபோர்னியாவில் இந்த வகை இருக்கிறது. ஒருவர் போனபின் மற்றவருக்கு வீடு தானாகப் போவது இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் வரியில். ஜாயின்ட் டெனன்சியில் ஒருவர் இறந்தால் பொதுவாக அவர் பாதியின் அடக்கவிலை மட்டும்தான் ஏறும். கம்யூனிட்டி பிராபர்ட்டியில் இருவர் பாதியும் ஏறும். உங்கள் கணக்கில் முதலாவதில் அடக்கவிலை 9,35,000 டாலர், இரண்டாவதில் முழு 15 லட்சம். இருப்பவர் தனியாக அந்த வீட்டை விற்கவேண்டி வந்தால் ஐந்தரை லட்சத்துக்கு மேல் லாபமே காணாமல் போய்விடும். இப்படித் தம்பதி தங்களுக்குள் எழுதிக்கொள்வதற்கு பிராபர்ட்டி டேக்ஸ் மறுமதிப்பீடும் கிடையாது. குவிட்கிளெய்ம் பொருத்தமாக உட்காரும் இடங்களில் இதுவும் ஒன்று, அதனால் கோயில் நண்பரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். ஒரு நுணுக்கம் மட்டும்: இந்த வகையை ஏற்றுக்கொள்கிறோம் என்று பத்திரத்தின் முகப்பிலேயே இருவரும் கையெழுத்தோ இனிஷியலோ போடவேண்டும். டவுன்லோடு ஃபாரங்களில் பெரும்பாலும் அதற்கு இடமே இருக்காது.

இதைவிடவும் நல்லது, வீட்டை கம்யூனிட்டி பிராபர்ட்டியாகவே ஒரு லிவிங் டிரஸ்டில் வைப்பது. நீங்கள் இருவரும் டிரஸ்டிகள், உங்களுக்குப் பின் மகன். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம். இல்லாவிட்டால் இருவர் காலத்துக்குப் பிறகு வீடு, இறந்தவர் சொத்தை வாரிசுக்கு மாற்றித் தரும் ப்ரோபேட் கோர்ட்டுக்குப் போகும். 15 லட்சம் டாலர் சொத்துக்கு அங்கே வக்கீலுக்குச் சட்டம் நிர்ணயித்த கட்டணம் 28,000 டாலர், நிர்வாகிக்கும் அதே அளவு எடுத்துக்கொள்ள உரிமை உண்டு. டிரஸ்ட் எழுதினால் எனக்கு வருமானம் குறைவு, அதனால் என்னை நம்பலாம். இந்தியாவில் குடியிருப்பாளர் ஆனபின் வெளிநாட்டு டிரஸ்டை வருமான வரித் தாக்கலில் காட்டவேண்டியிருக்கும், எழுதுவதற்கு முன்பே திருச்சி ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

விற்றுவிடுவதையும் ஒதுக்காதீர்கள். கடைசி ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் குடியிருந்த வீடு என்றால் தம்பதிக்கு 5 லட்சம் டாலர் லாபம் வரை ஃபெடரல் வரி இல்லை. கிளம்பியபின்னும் சுமார் மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது. இந்தியாவில் அந்த 5 லட்சம் விலக்கு செல்லாது. ஆனால் திரும்பிப் போன முதல் இரண்டு மூன்று வருடம் 'ஆர்என்ஓஆர்' (குடியிருப்பாளர், ஆனால் சாதாரணக் குடியிருப்பாளர் அல்ல) என்ற நிலையில் இருப்பீர்கள், அப்போது வெளிநாட்டு லாபத்துக்கு இந்திய வரி வராது. வாடகைக்கு விட்டு, தண்ணீர்க் குழாய் உடைந்தது என்று நடுராத்திரி திருச்சியில் போன் எடுக்கும் தெம்பு இல்லையென்றால், விற்றுவிட்டு மகனுக்கு வேண்டியதைப் பணமாகக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வரியை மட்டும் பார்த்தால் வைத்திருப்பதுதான் லாபம். 73 வயதில் எல்லாவற்றையும் வரியை வைத்தே முடிவு செய்யவேண்டியதில்லை.

எந்தப் பத்திரமானாலும் கையெழுத்தை இங்கேயே முடித்துவிடுங்கள். கலிஃபோர்னியா நோட்டரி ஒரு கையெழுத்துக்கு 15 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது. அடையாள அட்டை பார்த்து, தன் பதிவேட்டில் உங்கள் வலது கட்டைவிரல் ரேகையை வாங்குவார், பதறவேண்டாம், பத்திரங்களுக்கு அது சட்டம். தெரு முகவரி மட்டும் போதாது, பழைய பத்திரத்தில் இருக்கும் மனை விவரம் எழுத்துக்கு எழுத்து அப்படியே வரவேண்டும், மனை எண்ணும் வேண்டும். பிரிலிமினரி சேஞ்ச் ஆஃப் ஓனர்ஷிப் ரிப்போர்ட் என்ற படிவத்தையும் சேர்த்துக் கொடுங்கள், விட்டால் 20 டாலர் கூடுதல். ஊருக்குப் போனபின் ஏதாவது கையெழுத்துப் போட நேர்ந்தால், சென்னை அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முத்திரைக்கு 50 டாலர் கட்டிப் போடலாம், அல்லது உள்ளூர் நோட்டரியிடம் போட்டு அபோஸ்டில் (வெளிநாட்டில் செல்லும் அரசுச் சான்று) வாங்கலாம். செய்யமுடியாதது இல்லை, அலைச்சல். மகனுக்குப் பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்துவிட்டுப் போவதும் நல்லதுதான். ஆனால் தனக்கே தானம் எழுதிக்கொள்ளும் அதிகாரம், அதில் தனியாக எழுதினாலொழிய, அவருக்கு வராது. எழுதாமல் விடுங்கள்.

கடைசியாக, அந்த ஷ்ரெடரை இன்றைக்கே நிறுத்துங்கள். கராஜ் பேப்பர்களில் கூரை போட்ட பில், சமையலறை கான்ட்ராக்டர் கொடுத்த ரசீது, 1996-இல் வீடு வாங்கியபோது கொடுத்த எஸ்க்ரோ கணக்குத் தாள், சிட்டி பெர்மிட் எது கண்ணில் பட்டாலும் எடுத்து ஒரு பெட்டியில் போடுங்கள். நான் மேலே 90,000 டாலர் என்று கணக்கில் சேர்த்தேனே, வரித்துறை கேட்டால் அதை நிரூபிக்க அந்தப் பெட்டிதான் இருக்கிறது. எவ்வளவு கிழித்தாகிவிட்டது என்று கணவரைக் கேட்டு எழுதுங்கள்.